ஹாரன் இல்லாத டேங்க்

அந்த விளையாட்டில் எல்லோருக்கும் பறக்கத்தான் ஆசை. போர் விமான விளையாட்டு என்று பெயர் வைத்து, இணையத்தில் ஒரே நேரத்தில் முந்நூறு பேரை ஆகாயத்தில் ஏற்றிவிட்ட பிறகு, எவன் போய்த் தரையில் மண்ணைத் தின்றுகொண்டு டேங்க் ஓட்டுவான்? ஓட்டினார் ஒருவர். திரையில் அவர் பெயர் ‘டோசர்’. வெளியிலும் அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கல்குவாரியில் இருபத்திரண்டு வருடம் புல்டோசர் ஓட்டியவருக்கு வேறு என்ன பெயர் ஒட்டும்?

அவரும் முதலில் பறந்து பார்த்தவர்தான். மூன்று முறை விமானத்தில் ஏறினார், மூன்று முறையும் ஓடுபாதையின் கடைசியில் இருந்த வேலியை மட்டும் குறி தப்பாமல் தாக்கினார். நான்காம் முறை எப்படியோ மேலே போய்ச் சேர்ந்ததும் திரையில் பூமி தலைகீழாகச் சுழன்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். பக்கத்தில் தையல் மிஷினில் உட்கார்ந்து பள்ளிச் சீருடைக்குப் பித்தான் வைத்துக்கொண்டிருந்த மனைவி தலையைக்கூடத் தூக்கவில்லை.

“உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? உங்களைத் தரையில ஓடுற வண்டிக்குத்தானே கூப்பிட்டாங்க, அது இருக்குல்ல?” என்றார்.

இருந்தது. அப்படித்தான் அவர் டேங்குக்கு வந்தார். மனைவி பெருமையாகத் தன் அக்காவிடம் போனில், “அவர் இப்பல்லாம் டேங்க் ஓட்டுறாரு” என்று சொல்லிவைக்க, அக்கா மறுநாளே கூப்பிட்டு, “வீட்டு வேலை நடக்குதுடி, ரெண்டு லோடு தண்ணி அனுப்பச் சொல்லு” என்றார். அது தண்ணி டேங்க் இல்லை, பீரங்கி வைத்த டேங்க், அதுவும் கம்ப்யூட்டருக்குள் என்று விளக்குவதற்குள் மனைவிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அவரை அந்த விளையாட்டுக்குள் இழுத்தவர் கொடிக்காரர். குவாரியில் இவருடைய புல்டோசருக்குப் பின்னால் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் வைத்துக்கொண்டு வழி காட்டுகிற வேலை அவருடையது. டோசர் ஓட்டுகிறவருக்கு முன்னால் மண் தள்ளும் பிளேடு மறைக்கும், பின்னால் எதுவுமே தெரியாது. கொடிக்காரர் காட்டுவதுதான் கண். பதினோரு வருடம் இருவரும் அப்படி ஒரே ஆளாக வேலை பார்த்தார்கள். பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு மதியம், இவர் ஓட்டிய புல்டோசர் பின்னால் வந்தபோது கொடிக்காரரின் இடது பாதம் சங்கிலிச் சக்கரத்தின் அடியில் போயிற்று.

அதற்குப் பிறகு டோசர் அண்ணனால் அந்த வண்டியின் இருக்கையில் உட்கார முடியவில்லை. ஏணியில் கால் வைத்தாலே கை நடுங்கியது. நிர்வாகம் அவரை ஸ்டோரில் போட்டது. கிரீஸ் டப்பாவும் ஃபில்டரும் எடுத்துக் கொடுக்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்து மாதம் அப்படிக் கழிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. கொடிக்காரரின் நம்பர். எடுக்கலாமா வேண்டாமா என்று அவர் தவித்ததைப் பார்த்து மனைவியே எடுத்து அவர் காதில் வைத்தார்.

“அண்ணே, ஒரு ஒத்தாசை வேணும்” என்றார் கொடிக்காரர். “இங்க விமானம் ஓட்ட ஊருப்பட்ட பேர் இருக்கோம். டேங்க் ஓட்ட ஆளே இல்ல. வர்றீங்களா?”

திட்டு வாங்கத் தயாராக இருந்தவருக்கு முதலில் விளங்கவேயில்லை. கொடிக்காரர் செயற்கைப் பாதத்தோடு வீட்டில் கிடந்த நாட்களில் பறக்கக் கற்றிருந்தார். காலால் மிதிக்க வேண்டியதைக் கையில் இருக்கும் பிடியைத் திருகியே செய்துகொள்ளலாம் என்பதால், ஆகாயத்தில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. குறை தரையில்தான். அந்த விளையாட்டில் எதிரியின் விமானத்தளத்தை எத்தனை குண்டு போட்டு நொறுக்கினாலும் அது நம்முடையது ஆகாது. யாராவது டேங்கில் உள்ளே போய், அதன் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் பக்கத்தில் ஐந்து நிமிடம் உயிரோடு நிற்க வேண்டும். மேலே இருக்கிறவர்களுக்குப் புகழ், கீழே நிற்கிறவனுக்கு அடி. அதனால்தான் ஆள் கிடைக்கவில்லை.

தன்னால் பாதம் போன மனிதர் தன்னையே தேடிக் கூப்பிடுகிறார் என்பதை அண்ணனால் நம்ப முடியவில்லை. மைத்துனன் கடையிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் வந்தது. ஒன்பது மாதமாக, வேலை முடிந்து வந்த மாலைகளிலும் ஞாயிறு காலைகளிலும் அவர் டேங்க் ஓட்டினார். சாப்பாடு இறங்கியது. சிரிப்பும் வந்தது. ‘அந்தத் தம்பி நல்லா இருக்கணும்’ என்று மனைவி ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் முணுமுணுப்பார். அது வெறும் வாய்வார்த்தை இல்லை. புருஷனைத் திருப்பிக் கொடுத்தவரிடம் அவருக்கு அவ்வளவு நன்றி இருந்தது.

டேங்க் ஓட்டுவதில் அண்ணன் ஆடிய ஆட்டம் வேறு. இருபத்திரண்டு வருடம் சங்கிலிச் சக்கரத்தோடு குடித்தனம் நடத்தியவர் ஆயிற்றே. விளையாட்டைச் செய்தவர்களை அவர் சும்மா விடவில்லை. “சரிவுல குறுக்கால போனா சங்கிலி கழண்டுக்கும்யா. இது ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுது” என்பார். “பாறை மேல முழு வேகத்துல திரும்புறான். நம்ம வண்டியா இருந்தா அன்னிக்கு முழுக்க ஸ்பேனர் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்.” விளையாட்டு அனுமதித்தும் அவர் சரிவில் நேராகத்தான் ஏறினார், நேராகத்தான் இறங்கினார். ஒன்றை மட்டும் ஒப்புக்கொண்டார். டேங்குக்குள் இருந்து பார்த்தால் தபால் பெட்டியின் வாய் அளவுக்குத்தான் உலகம் தெரிந்தது, பின்பக்கம் சுத்தமாகத் தெரியவில்லை. அது மட்டும் அப்பட்டமான உண்மை என்றார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. குவாரியில் பின்னால் எடுப்பதற்கு முன் இரண்டு ஹாரன் அடித்து, மூன்று எண்ணி, பிறகுதான் நகர வேண்டும். விளையாட்டு டேங்கில் ஹாரன் கிடையாது. அதனால் இவர் ஹெட்செட்டில் வாயாலேயே “பாம் பாம்” என்று சொல்லிவிட்டுத்தான் பின்னால் வருவார். அணியில் இருந்த விமானிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் தரையிறங்கும்போது “பாம் பாம்” சொல்லத் தொடங்கினார்கள். கொடிக்காரர் மேலே வட்டமடித்துக்கொண்டே, “வாங்க வாங்க, இன்னும் பத்தடி, போதும்ணே” என்று குவாரியில் போலவே வழி சொல்வார். அந்தக் குரல் காதில் இருந்தால் அண்ணனுக்குக் கை நடுங்காது.

ஒரு வெள்ளிக்கிழமை, விளையாட்டைத் தயாரிப்பவர்கள் அறிவிப்பு ஒன்று போட்டார்கள். டேங்கைச் சீர்படுத்தப் போகிறோம், குறைகளை எழுதி அனுப்புங்கள் என்று. அண்ணன் சொல்லச் சொல்ல கொடிக்காரர் தட்டச்சு செய்தார். பதினொரு குறை ஆயிற்று.

“பன்னெண்டாவதா ஹாரன் வேணும்னு போட்டுரவா?” என்று சிரித்தார் கொடிக்காரர். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். “சத்தமா வைக்கச் சொல்லணும்ணே. அன்னிக்கு நீங்க அடிச்சது என் காதுல விழவே இல்ல பாருங்க. மூணு தடவ காது டாக்டர்கிட்ட போய்ட்டேன். நல்லாருக்குன்னுதான் சொல்றாரு. எனக்குத்தான் நம்பிக்கையில்ல. மேனேஜர் ஒயர்லெஸ் ரூம் வேலைக்கு வரச் சொல்றாரு. உக்காந்த இடத்துல காதுல கேட்டு, எந்த வண்டி நகரணும்னு சொல்ற வேலை. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். வேணாம்னு சொல்லிரப் போறேன். என் காதை நம்பி இன்னொருத்தன் காலு போச்சுன்னா?”

அன்று அண்ணன் ஹாரன் அடிக்கவில்லை.

காலையிலிருந்து முப்பது முறை பின்னால் எடுத்திருந்தார். முப்பது முறையும் அடித்தார். அந்த ஒரு முறை, கொடிக்காரர் ஓரத்தில் இருந்த தண்ணீர் டிரம் பக்கம் போவதைப் பார்த்துவிட்டு, பின்னால்தான் ஆள் இல்லையே என்று எடுத்துவிட்டார். அவர் பாதி வழியில் திரும்பி வந்தது தெரியாது. விசாரணைக்கு வந்த அதிகாரி, “அடிச்சீங்களா?” என்று கேட்டிருந்தால் உண்மை வந்திருக்குமோ என்னவோ. அவர் கேட்டது, “ஹாரன் அடிச்சீங்கல்ல?” என்று. பதிலையும் சேர்த்தே கொடுத்த கேள்வி. அண்ணன் தலையை ஆட்டிவிட்டார். கொடிக்காரர் நிற்கக் கூடாத இடத்தில் நின்றார் என்று காகிதத்தில் ஏறியது. அந்தத் தலையாட்டல் தன் வேலையை மட்டும் காப்பாற்றியது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார். அது ஒரு மனிதனின் நல்ல காதைக் கெட்ட காதாக்கி, கைக்கு வந்த வேலையையும் தட்டிவிடப் போகிறது என்று இப்போதுதான் தெரிந்தது.

சனிக்கிழமை முழுக்க ஸ்டோரில் கேட்டது ஒன்று, எடுத்துக் கொடுத்தது ஒன்று. சொன்னால் இந்தத் தம்பி போய்விடுவான். அவன் போனால் மறுபடி அந்தச் சுவர்தான். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை வந்துவிடும்.

ஞாயிறு காலை எதிரியின் தளத்துக்கு வெளியே, மரங்களுக்கு முன்னால் டேங்க் நின்றது. இருவர் மட்டும் பேசிக்கொள்ளும் இணைப்பில் கொடிக்காரர் சொன்னார். “பின்னாடி வாங்கண்ணே, மரத்துக்குள்ள ஒளிஞ்சுக்கோங்க. மேல ஒருத்தன் வர்றான்.”

அண்ணன் வாயைத் திறந்தார். ‘பாம் பாம்’ வரவில்லை.

“அண்ணே, ஹாரன் அடிச்சிட்டு வாங்க. குண்டு போடப் போறான்.”

“தம்பி, அன்னிக்கு நான் ஹாரன் அடிக்கல” என்றார். “உன் காதுல ஒரு கோளாறும் இல்ல. நான் அடிக்கவே இல்ல. கேட்டப்ப அடிச்சேன்னு தலையாட்டிட்டேன்.”

திரையில் டேங்க் வெடித்துப் புகைந்தது. ஹெட்செட்டில் விமானத்தின் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது. ‘கொடி வெளியேறினார்’ என்று ஒரு வரி வந்தது. தையல் மிஷினும் நின்றிருந்ததை அவர் அப்போதுதான் கவனித்தார். மனைவிக்கும் இது தெரியாது.

மனைவி கையிலிருந்த சீருடையை மடித்து வைத்தார். பிறகு, “நாளைக்கு மொதல்ல ஆபீஸுக்குப் போய் எழுதிக் குடுங்க. அப்புறம் அவன் வீட்டுக்குப் போங்க. எழுதினதை எடுத்துட்டுப் போங்க, வெறும் வாயோட போகாதீங்க” என்றார்.

மேனேஜர், மூடிய ஃபைலைத் திறக்க உமக்கென்ன பைத்தியமா என்று கேட்டார். இவர் நகரவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டு, நகல் ஒன்று வாங்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறிக் கொடிக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றார். கதவு திறக்காது என்றுதான் நினைத்தார். திறந்தது. கொடிக்காரர் காகிதத்தை வாங்கி, நின்றபடியே இரண்டு தரம் படித்தார். கண் சிவந்திருந்தது.

“பதினாலு மாசமா என் காதை நான் திட்டாத திட்டு இல்ல” என்றார். “கோவம் இருக்குண்ணே. இன்னிக்கே போய்டும்னு சொல்ல மாட்டேன். உள்ள வாங்க.”

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கொடிக்காரர் ஃபேனை அணைத்தார். சமையலறையைக் காட்டினார்.

“அங்க போய் நின்னு மெதுவா ஏதாவது பேசுங்க. நான் திருப்பிச் சொல்றேன். டாக்டர் மெஷின் வச்சுப் பாத்தது எனக்குத் திருப்தியில்ல. சாயந்தரத்துக்குள்ள மேனேஜருக்குப் பதில் சொல்லணும்.”

அண்ணன் போய் அடுப்புப் பக்கம் நின்றார். என்ன பேசுவது என்று தெரியாமல் ஸ்டோரில் சொல்வதையே சொன்னார். “ஆயில் ஃபில்டர் ரெண்டு, பழைய டோசருக்கு.”

“ஆயில் ஃபில்டர் ரெண்டு. பழசுக்கு” என்று கூடத்திலிருந்து வந்தது. “இன்னும் மெதுவா.”

கதவைப் பாதி சாத்திக்கொண்டு கிசுகிசுத்தார். “கிரீஸ் டப்பா மூடியைக் காணோம்.”

“மூடியைத் தொலைச்சிட்டீங்களா? உங்களுக்கு இதே வேலை. இன்னும் மெதுவா சொல்லுங்க.”

அண்ணன் கதவை முழுக்கச் சாத்தினார். இந்த மனிதர் அன்று போன் போட்டுக் கூப்பிட்டிருக்காவிட்டால் தான் என்ன ஆகியிருப்போம் என்று நினைத்துக்கொண்டார். சுவர்ப் பக்கம் திரும்பினார். பதினான்கு மாதமாக ஒரு தரம்கூட வாயில் வராததை, தனக்கே கேட்காத அளவுக்குச் சொன்னார்.

“என்னை மன்னிச்சிரு தம்பி.”

கூடத்தில் நாற்காலி ஒரு தரம் கிரீச்சிட்டது. அண்ணன் சுவரைப் பார்த்தபடியே அழுதார்.

“கேட்டுச்சுண்ணே” என்றது குரல். “வெளிய வாங்க.”