அடுப்போரம் வைத்த கரித்துண்டு

திருச்சியில் ஒரு காலேஜ் ஜியாலஜி டிபார்ட்மெண்டில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். பெருக்குவது, கல் அலமாரி துடைப்பது, கேம்ப் போனால் சமைப்பது. என் ரசத்தைக் குறை சொன்னவர் கிடையாது. வேலையில் நான் செய்த பெரிய தப்பு ஒன்றுதான். அதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் தடவை கேம்ப் கேரளத்துக் கடலோரம். அலைக்கு மேலே செங்குத்தாகச் செம்மண் குன்று. அதன் வயிற்றில் நாலு விரல் கனத்துக்கு, புடவைக் கரை போலக் கறுப்புக் கரி ஓடியது. ஆராய்ச்சி படிக்கிற மேரி மூன்று நாள் கத்தியால் அறுத்து, மேல்பக்கம் கீழ்ப்பக்கம் கலையாமல் ஒரு முழுத்துண்டு எடுத்தாள். அவள் படிப்பே அதை நம்பித்தான். மறுநாள் சாயங்காலம் ரயில்.

துண்டை ஈரக்கோணியில் சுற்றிச் சமையற்கட்டில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். தொட்டால் சொதசொதவென்று ஈரம். நனைந்த கரியை அடுப்போரம் வைப்பதுதானே வழக்கம். கோணியைப் பிரித்து வைத்துவிட்டுப் பருப்பு கடையப் போனேன்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அது பாளம் பாளமாக வெடித்து உதிர்ந்துவிட்டது.

கேம்ப்புக்குக் கூட்டிவந்த புரொபசர் சார் மேரியைப் பிடிபிடியென்று பிடித்தார். ஒரு சாம்பிளைக் காப்பாற்றத் தெரியாதவளுக்கு ஆராய்ச்சி எதற்கு என்றார். என் பக்கம் யாரும் திரும்பவில்லை. பேசாமல் இருந்தால் தெரிந்தே இருக்காது. கரண்டியைக் கீழே வைத்தேன்.

"நான்தான் சார் பிரிச்சுக் காயவச்சேன்."

"உங்கள யாரு அதைத் தொடச் சொன்னது? சோத்தைப் பாருங்க."

"காயக்கூடாதுன்னு நான் அக்காகிட்ட சொல்லவே இல்ல சார்" என்று மேரி அழுதாள். அது ஒரு காலத்தில் மரமாம். உள்ளே இன்னும் ஊறின கட்டை போலத்தான் இருக்குமாம். சட்டென்று காய்ந்தால் பிளந்துவிடுமாம். அப்புறம்தான் விளக்கினாள்.

காலையில் அலை உள்வாங்கின நேரம் பார்த்து நாங்கள் இரண்டு பேரும் போனோம். அவள் அறுத்தாள், நான் தாங்கிப் பிடித்தேன். உள்ளங்கை அகலம்தான் கிடைத்தது. ஆனால் மேலும் கீழும் முழுசு. சார் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, போதும் என்றார்.

ரயிலில் ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தேன். எதிர் சீட்டுக்காரர், "மல்லியப்பூங்களா?" என்றார். கரி என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திருச்சி ஜங்ஷனில் இறங்கியதும் சார் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"இதை எப்படி வைக்கணும்? அதைச் சொல்லிட்டு வாங்கிக்குங்க சார்."

அவர் நீட்டிய கையை இறக்கிக்கொண்டார். "தண்ணி ஊத்தின டப்பால போட்டு, இறுக்கி மூடி வைக்கணும்மா" என்றார்.

தெரியாததைக் கேட்க அதுவரை எனக்கு வாய் வந்ததே இல்லை. அன்றைக்குத்தான் வந்தது.