பட்டை வைக்காத மீன்தொட்டி

சில வருடங்களுக்கு முன் மலேசியாவில், பண்டமாரானில் எங்கள் வீட்டுக்கு ஆறடி மீன்தொட்டி ஒன்று சொல்லி வைத்தேன். தொட்டி செய்யும் அண்ணன், "மேல குறுக்கால கண்ணாடிப் பட்டை ஒட்டணும் தம்பி, இல்லன்னா தண்ணி கண்ணாடிய வெளிய தள்ளிரும். பட்டை வேணாம்னா தடிச்ச கண்ணாடிதான்" என்றார். தீபாவளிக்கு வருகிறவர்களுக்கு மேலிருந்து பார்த்தாலும் மீன் மறையாமல் தெரிய வேண்டுமென்று, "இதே கண்ணாடி போதும்ணே, பட்டை வேணாம்" என்றேன்.

தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம், தொட்டியின் மூடிக்கண்ணாடி தண்ணீருக்குள் விழுந்தது. எடுத்து வைத்தேன், விளிம்பில் நிற்கவில்லை. முந்தின நாள் சரியாகப் பொருந்திய மூடி அது. குனிந்து பார்த்தேன். முன்கண்ணாடி வெளியே வளைந்து, மூலை ஒட்டில் நீர் முத்து முத்தாகக் கசிந்தது. அதன் கீழே பாயில் என் மூன்று வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளயத் தூக்கு!" என்றேன்.

"இப்பதாங்க தூங்குனா, விடுங்களேன்" என்றாள் மனைவி.

"தூக்கு லா!"

நான் அப்படிக் கத்தியதே இல்லை. அவள் ஓடி வந்து தூக்கினாள். ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சி, தண்ணீரைச் சன்னல் வழியாகக் கால்வாய்க்கு விட்டேன். பாதி இறங்கியிருக்கும். டப்பென்று மூலை பிளந்தது. முன்கண்ணாடி பாயின் மேல் விழுந்து நொறுங்கியது.

இப்போதுள்ள தொட்டியில் தடித்த கண்ணாடியும் உண்டு, பட்டையும் உண்டு. வாரம் ஒருமுறை நேரான சட்டம் ஒன்றை முன்கண்ணாடியில் வைத்து வளைவு பார்க்கிறேன். மகள் தொட்டிக்குக் கீழேதான் படுப்பேன் என்கிறாள். நான் பாயை அடுத்த அறைக்கு இழுத்துப் போடுகிறேன்.