இல்லாத கரகரப்பு

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்குச் சல்லடை என்று பெயர். எந்தக் குரலிலும் இரைச்சலைச் சலித்து எடுத்துவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்கே, இறந்துபோன மாமனார் பேசிய ஒரே பதிவு தண்ணி காட்டியது. வீட்டுக் கணினியில் போட்டால் வாணலியில் கடுகு பொரிவதுபோல் படபடவென்று வெடித்தது.

சலித்துச் சேமித்தார். மறுபடியும் வெடித்தது. இன்னும் அழுத்திச் சலித்து, அதன் மேலேயே சேமித்தார். ஒயரை மாற்றினார், ஹெட்போனை மாற்றினார், கணினியை விற்றவனின் பரம்பரையையே திட்டித் தீர்த்தார்.

"வைஃபையை இயக்குற மென்பொருள் இருக்குல்ல, டிரைவர், அது பண்ற வேலையா இருக்கும் அத்தான். அதை நிறுத்திட்டுக் கேளுங்க," என்றான் போனில் மைத்துனன்.

வேறு போக்கில்லாமல் நிறுத்தினார். வெடிப்பு சட்டென்று நின்றது. பதிவில் கரகரப்பே இருந்ததில்லை. கணினிதான் அந்த டிரைவரோடு மல்லுக்கட்டி, ஒலியை விட்டு விட்டுத் துப்பியிருக்கிறது. அப்படியென்றால் இத்தனை நேரம் எதைச் சலித்தோம்? சலிக்காத நகலைத் தேடினார்; அதன் மேலேயே சேமித்திருந்தார். வேறு நகலும் கிடையாது.

"சரியாயிடுச்சா?" என்று கேட்டபடி மனைவி வந்து உட்கார்ந்தாள். வேறு வழியின்றிப் போட்டார். தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல் பேசி முடித்தது.

"சுத்தமாத்தான் இருக்கு," என்றாள். "யாருங்க பேசுறது?"