மதார் சாகிப் கூப்பிட்ட பெயர்

மதார் சாகிப்பின் குரலைப் பற்றிச் சொன்னால் பொய் என்பீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வராந்தாவில் நின்று அவர் ஒரு பெயரைக் கூப்பிட்டால் மம்சாபுரத்தில் உழுகிற மாடு நின்று திரும்பிப் பார்க்கும். ஒருநாள் "சுப்புராஜ்!" என்று கூப்பிட்டார். ஐந்து சுப்புராஜ்கள் ஓடி வந்தார்கள். அதில் இரண்டு பேருக்கு வழக்கே கிடையாது, பஸ்ஸுக்கு நின்றவர்கள்.

கோர்ட்டுக்கு எதிரே என் டீக்கடை. அவர் டவாலி. வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. ஜட்ஜ் அய்யா நடந்தால் முன்னால் நடந்து வழி விலக்க வேண்டும். வழக்கை எடுத்தால் வராந்தாவுக்கு வந்து ஆளை மூன்று தரம் கூப்பிட வேண்டும். மூன்றுக்கும் வராவிட்டால் உள்ளே போய் "ஆள் இல்லீங்க அய்யா" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதைக் கலெக்டர் உத்தியோகம் மாதிரிச் செய்வார்.

"ஏன் மாமா, வீட்லயும் நூர்பானு அக்காவ மூணு தரந்தான் கூப்பிடுவீகளா?" என்று சீண்டுவேன்.

"அவளையா? அங்கன அவதாம்லே டவாலி. மொதத் தரம் கூப்பிடும்போதே நான் ஆஜர் ஆயிருவேன்."

கோர்ட்டு என்றால் அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. ஜட்ஜ் அய்யா எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது நடந்தே தீரும் என்பார். மழை பெய்யட்டும் என்று எழுதினால் குடை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வீடு ராஜபாளையத்தில். ஒரே மகன் பக்கீர் முகமது பஞ்சாலையில் வேலை பார்த்தான். தொண்ணூறாம் வருசம் பிப்ரவரியில், வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர்களுக்காக மில் கேட்டில் நின்று துண்டு நோட்டீஸ் கொடுத்தான். ஒரு போலீஸ் ஜீப் வந்தது. ஏற்றிக்கொண்டு போனது. கூட நின்ற தவசிமுத்து கண்ணால் பார்த்தான். மறுநாள் ஸ்டேஷனில் கேட்டால், "அப்படி யாரையும் நாங்க பிடிக்கவே இல்லையே பாய்" என்றார்கள்.

மதார் சாகிப் முப்பது நாள் அந்த ஸ்டேஷன் வாசலில் நின்றுவிட்டு, பொறவு பரிபூரணம் அம்மாவிடம் போனார். சின்ன வயது வக்கீல். என் கடையில் டீ குடிக்கும்போதுதான் பேச்சு நடந்தது.

"ஆட்கொணர்வு மனு போடலாம் பாய். மெட்ராஸ் ஐகோர்ட்டுல போடணும். அரசியல் சட்டத்துல இருபத்தொண்ணாவது பிரிவு இருக்கு. சட்டத்துல சொன்ன வழி தவிர வேற எந்த வழியிலயும் யாரோட உசுரையும் சுதந்திரத்தையும் எடுக்கக் கூடாது. ஆளை மறைச்சு வச்சிருந்தா, கொண்டாந்து முன்னால நிறுத்துன்னு கேக்குற அதிகாரம் ஐகோர்ட்டு ஜட்ஜுகளுக்கு இருக்கு."

"அது எம் மகனுக்கும் உண்டாம்மா?"

"கோர்ட்டு டவாலி மகனுக்கு இல்லாமயா?"

அவர் சிரித்தார். ஒரு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தார்.

அம்மா கொல்லம் மெயில் ஏறி மெட்ராசுக்குப் போனார். ஐகோர்ட்டில் இரண்டு ஜட்ஜுகள் கேட்டார்கள். ஆளே எங்களிடம் இல்லை என்று போலீஸ் எழுதிக் கொடுத்தது. ஜட்ஜுகள் அதை அப்படியே ஏற்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிபதி விசாரித்து அறிக்கை அனுப்ப வேண்டும், ஜூலை ஒன்பதாம் தேதி பக்கீர் முகமதுவை அவர் முன்னால் ஆஜர்படுத்த வேண்டும் என்று எழுதினார்கள்.

உத்தரவின் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார் மதார் சாகிப்.

"மாப்ளே, ஒம்பதாந் தேதி வாரான்."

"மாமா, போலீசு இல்லைன்னுல்ல சொல்லுதாக."

"அவிய சொல்லுவாக. ஐகோர்ட்டு ஜட்ஜு ரெண்டு பேரு ஆஜர்படுத்துன்னு எழுதியிருக்காகல்ல? இருபத்திமூணு வருசமாப் பாக்கேன். இந்த வார்த்தை எழுதினா எம்புட்டுப் பெரிய கொம்பனும் வந்து நின்னுருக்கான்லே. எம் மவன் வரமாட்டானா?"

நான் ஒரு டீயை ஆற்றி அவரிடம் நீட்டினேன்.

ஒன்பதாம் தேதி நூர்பானு அக்கா காலையிலேயே பஸ்ஸில் வந்துவிட்டது. ஒரு கையில் துவைத்துத் தேய்த்த சட்டையும் கைலியும். இன்னொரு கையில் தூக்குச் சட்டி.

"என்னக்கா சட்டியில?"

"கறியாணம். அவனுக்குன்னு கொழம்பு வச்சேன். என்னத்தத் தின்னானோ அஞ்சு மாசமா. சேதுபதி, செத்த நேரம் ஒன் அடுப்போரமா வையி. ஆறிரப் போகுது."

மகன் வழக்கு என்பதால் அன்றைக்கு இன்னொரு டவாலி மலைச்சாமி கூப்பிடட்டும் என்றார் ஜட்ஜ் அய்யா. மதார் சாகிப் கையெடுத்துக் கும்பிட்டாராம். "நான் கூப்பிடுதேன்யா. எங் கொரலக் கேட்டா எங்கன இருந்தாலும் வந்துருவான்." அய்யா செத்த நேரம் யோசித்துவிட்டுத் தலையசைத்தாராம்.

இதற்கு மேல் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

அவர் வராந்தாவுக்கு வந்தார். பட்டையைச் சரி பண்ணிக்கொண்டார்.

"மதார் சாகிப் மகன் பக்கீர் முகமது!"

சாலை வரைக்கும் கேட்டது. போலீஸ்காரர்கள் நாலு பேர் வேப்பமரத்தடியில் நின்றார்கள். கூட ஒருவரும் இல்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டார். நூர்பானு அக்கா சட்டையைப் பிடித்தபடி எழுந்து, வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்தது. மூன்றாம் தரம் கூப்பிட்டார்.

உள்ளே போய் இல்லை என்று சொல்ல வேண்டும். போகவில்லை. நாலாவது தரம் கூப்பிட்டார். அதற்குப் பிறகு கோர்ட்டுப் பேச்சு இல்லை, வீட்டுப் பேச்சு.

"ஏலே பக்கீரு! ஏலே! அத்தா கூப்பிடுதேன்லே!"

ஒருவரும் தடுக்கவில்லை. ஜட்ஜ் அய்யா பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார்கள். எத்தனை தரம் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் நூர்பானு அக்காதான் படியேறி அவர் கையைப் பிடித்தது.

"போதுங்க. தொண்டை கட்டிக்கிரும். வாங்க."

மலைச்சாமிதான் உள்ளே போய் ஆள் இல்லை என்றான்.

விசாரணை நடந்தது. தவசிமுத்து ஜீப்பைப் பார்த்ததைச் சொன்னான். அய்யா ஒளிக்காமல் அறிக்கை எழுதினார். போலீஸ்தான் கொண்டு போனது, அதற்குப் பிறகு ஆள் என்ன ஆனான் என்று அவர்கள் கணக்குச் சொல்லவில்லை என்று எழுதினார். தொண்ணூற்றிரண்டில் ஐகோர்ட்டுத் தீர்ப்பு வந்தது. ஒரு குடிமகனின் உயிருக்கு அரசாங்கம்தான் பொறுப்பு, சம்பந்தப்பட்டவர்கள் மேல் வழக்குப் போடு, பெற்றவர்களுக்கு நஷ்டஈடு கொடு என்று இருந்தது.

பரிபூரணம் அம்மாவுக்குக் கண்ணெல்லாம் மின்னியது. "ஜெயிச்சுட்டோம் பாய்!"

"அதுல உசுரோட இருக்கான்னு எழுதியிருக்காகளாம்மா?"

"இல்ல பாய்."

"மவுத்தாயிட்டான்னு?"

"அதுவும் எழுதல. உடம்பு கெடைக்கலைல்ல."

"அப்ப என்னத்தம்மா ஜெயிச்சோம்?" கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

நஷ்டஈட்டுக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். அதற்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும். "எம் புள்ள செத்தான்னு நான் எழுதிக் குடுக்கணுமாக்கும்?" என்று தாலுகா ஆபீசில் நூர்பானு அக்கா போட்ட சத்தத்தில் ஆபீசே திரும்பிப் பார்த்தது. பள்ளிவாசலில், இறந்தவருக்கு வைக்கிற ஜனாஸா தொழுகைக்கும் அவர்கள் இரண்டு பேரும் சம்மதிக்கவில்லை. மதார் சாகிப் கேட்டு வாங்கிப் பழைய வழக்குக் கட்டுகள் வைக்கிற அறைக்கு மாறிக்கொண்டார். அங்கே யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

தொண்ணூற்றேழில் பரிபூரணம் அம்மா அவரை என் கடைக்கு வரச் சொன்னார்.

"ஏழு வருசம் ஆயிருச்சு பாய். ஏழு வருசம் தகவலே இல்லாட்டி, இறந்துட்டதா அறிவிங்கன்னு சட்டப்படி கோர்ட்டுல கேக்கலாம். மனு எழுதிட்டேன். அக்காவும் தளர்ந்துட்டாங்க. ஒரு தொழுகையாவது வைக்கலாம்ல. கையெழுத்து மட்டும் போடுங்க."

அவர் பேனாவை வாங்கினார். மனுவை எழுத்துக் கூட்டி முழுசாகப் படித்தார். பிறகு பேனாவை மூடிக் கொடுத்துவிட்டார்.

"என்ன மாமா?" என்றேன்.

"நான் போட்டுட்டா அய்யா எழுதிருவாக மாப்ளே. அவிய எழுதிட்டா எம் மவன் செத்துருவான்."

அம்மா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். நான் ஊற்றிய டீயை மதார் சாகிப் தொடவே இல்லை. ராஜபாளையம் பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.