ஆட்டத்துக்கு முன் ஒரு வாக்கியம்

அம்மாவின் தங்கையான என் சித்தி ஆறுமுகநேரியிலிருந்து மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது கொண்டுவந்தது ஒரு துணிப்பையும் ஒன்பது புத்தகங்களும். எல்லாம் ஒரே கதையின் பாகங்கள். ஜப்பானில் எழுதி ஆங்கிலத்துக்கு வந்தவை. தபால்காரப் பெண் ஒருத்தி மந்திரத் தீவில் மாட்டிக்கொள்கிறாள். அங்கே எதற்கெடுத்தாலும் பந்தய ஆட்டம். தோற்றால் ஒரு நினைவைக் கொடுத்துவிட வேண்டும். அவளோ தோற்பதே இல்லை. காயைத் தொடுமுன் எதிராளியின் மனம் கலங்கும்படி ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள், அவ்வளவுதான்.

சித்தி அதைத் தமிழில் சொல்லச் சொல்ல நான் வாயைப் பிளந்து கேட்பேன். அவளை எனக்குப் பிடிக்கும். ஆனால் அவள் என் அறையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஹாலில், அப்பாவின் குறட்டைக்குப் பக்கத்தில். பத்து வயதில் இது சின்ன அநியாயமில்லை.

"எத்தன மாசம்னாலும் இங்கன இரு" என்று அம்மா அவளிடம் சொன்னது காதில் விழுந்தது. "அவன் கை நீட்டுதான்" என்று அடுக்களையில் அப்பாவிடம் குசுகுசுத்ததும் விழுந்தது. அங்கே சித்தப்பா பாவம் கையை நீட்டிக் கூப்பிட, இவள் இங்கே கதை படிக்கிறாளே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ஆடுபுலி ஆட்டத்துக்கு அழைத்தேன். நான் ஜெயித்தால் அவள் ஊருக்குப் போக வேண்டும்; அவள் ஜெயித்தால் அறை அவளுக்கே. சித்தி சிரித்துக்கொண்டே மூன்று சிப்பிகளைப் புலிகளாக வைத்தாள். வீட்டில் அவளை யாரும் ஜெயித்ததில்லை.

"ஏளா, இது உனக்கா தோணிச்சா?"

தபால்காரப் பெண் எனக்குள் விழித்துக்கொண்டாள்.

"இல்ல சித்தி. அம்மாதான் கேக்கச் சொன்னா."

சிரிப்பு நின்றுவிட்டது. அதன்பிறகு அவள் வெட்ட வேண்டிய ஆடுகளைக்கூட வெட்டவில்லை. ஆடுகளாக நின்ற என் புளியங்கொட்டைகள் மூன்று சிப்பிகளையும் நகர விடாமல் அடைத்துவிட்டன.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பினாள். "ஏளா, என்னத்துக்கு இப்படி ஓடுத?" என்று அம்மா வாசலில் அவள் பையைப் பிடித்து இழுத்தாள். சித்தி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பையை விடுவித்துக்கொண்டாள். நான் உண்மையைச் சொல்லவில்லை. தந்திரத்தை வெளியே விடக் கூடாது என்று மூன்றாம் பாகத்தில் இருந்தது.

புத்தகங்களை எனக்கே விட்டுப் போயிருந்தாள். அன்று என் கட்டிலில் ஒன்பதையும் வரிசையாக அடுக்கினேன். சித்தப்பா நீட்டிய கையைச் சித்தி இந்நேரம் பிடித்திருப்பாள் என்று நினைத்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. கை நீட்டுவது என்றால் அடிப்பது என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.