பெல்ட்டுக்குக் காவல் போட்ட கதை

மொழிபெயர்ப்பு என்றால் வீட்டில் சும்மா உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று ஊரில் பேச்சு. என்னைப்போலவே மொழிபெயர்த்துக்கொண்டு அகராதியோடு குடும்பம் நடத்துகிற உங்களுக்குத்தான் தெரியும் என் பாடு. புதுச்சேரியில் படித்த ஸ்பானிஷை வைத்துக்கொண்டு, நெய்வேலி குவார்ட்டர்ஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்கோ ஒரு தூர தேசத்துச் சுரங்கத்துக்காக இயந்திரக் கையேடு ஒன்றை இங்கிலீஷிலிருந்து அந்த மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். நல்லபடியாக முடித்தால் தொடர்ந்து வேலை தருவதாகப் பெங்களூர் கம்பெனி ஒன்று சொல்லியிருந்தது.

தண்ணீர் மொள்ளாத வாளி

'பக்கெட்' என்று வந்தது. அகராதியில் முதலில் நின்றது 'கூபோ', குளியலறை வாளி. அதையே போட்டேன். இரண்டாவது ஷிஃப்டுக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரர் படத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தார். மைன்ஸில் மண் வெட்டுகிற ராட்சதச் சக்கரத்தைச் சுற்றி வரிசையாக மாட்டியிருக்குமே, அந்த வாளி. அதற்கு ஸ்பானிஷில் 'கான்ஹிலோன்' என்று தனிச் சொல்லே இருக்கிறது.

மாற்றிவிட்டேன். ஆனால் மத்தியானம் முழுக்க வேலை ஓடவில்லை. சக்கரம் மெதுவாகச் சுற்ற, நான் அந்த வாளிக்குள் காலை நீட்டிக்கொண்டு மேலே மேலே போகிறேன், கீழே ஊர் புழுதியில் மிதக்கிறது. எல்லாம் அவர் ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னதால் வந்தது: "அதுல தண்ணி மொள்ள மாட்டாங்க வசந்தி, நாம ரெண்டு பேரும் உள்ள உட்கார்ந்து சாப்புடலாம்."

கேட்டில் நிற்கிறவர்

'கார்டு இல்லாமல் பெல்ட்டை ஓட்டாதே' என்று ஒரு வரி. மண்ணைச் சுமந்து ஓடுகிற பெல்ட். இந்த டவுன்ஷிப்பில் வளர்ந்தவளுக்குக் கார்டு என்றால் ஒரே உருவம்தான், மைன்ஸ் கேட்டில் பாஸ் கேட்டு நிறுத்துகிற சீருடைக்காரர். யோசிக்கவே இல்லை. 'விஹிலாந்தே', அதாவது காவலாளி என்று எழுதி, கையேட்டை அனுப்பிவிட்டேன். கம்பெனி பிரமாதம் என்றது. இரண்டு நாள் எனக்குக் கால் தரையில் படவில்லை.

மூன்றாம் நாள் கலியமூர்த்தி அண்ணன் வந்தார். கம்மாபுரத்துக்காரர். மைன்ஸில் பெல்ட்டடியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர், இப்போது எங்கள் தெருவில் கீரை விற்கிறார். வலது கையில் இரண்டு விரல் கிடையாது. இத்தனை வருஷம் கேட்காததை அன்று ஏனோ கேட்டுவிட்டேன். டீயை இடது கையில் வாங்கிக்கொண்டு, வேறு யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னார்: "உருளைய மூடி ஒரு கம்பி வலை இருக்கும்மா, கார்டுன்னு சொல்லுவோம், அத்தக் கழட்டி வச்சிட்டு மண்ணு தள்ளிக்கினு இருந்தேன்."

அச்சுக்குப் போன பிறகு

அவர் போனதும் கையேட்டைத் திறந்து அந்த வரியைத் தேடினேன். 'ரெஸ்குவார்தோ', பாதுகாப்பு மூடி, என்று இருக்க வேண்டிய இடம் அது. அந்தத் தூர தேசத்தில் ஒருவன் என் வரியைப் படித்துவிட்டுக் காவலாளி இருக்கிறாரா என்று திரும்பிப் பார்ப்பான். இருப்பார். வலை இல்லாத உருளையை ஓட்டுவான்.

உடனே கம்பெனிக்குப் போன் போட்டேன். அச்சுக்குப் போய்விட்டதாம். "யாரும் கண்டுபிடிக்கலையே மேடம், நீங்களா ஏன் சொல்றீங்க?" என்றாள் அங்கே இருந்த பெண். தப்பை எழுத்தில் கொடுத்தால் அடுத்த வேலை கிடைப்பது கஷ்டம் என்பதையும் பக்குவமாகச் சொன்னாள். அழுகையே வந்துவிட்டது எனக்கு. எவ்வளவு ஆசைப்பட்ட வேலை! கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தேன். அச்சை நிறுத்தித் திருத்தினார்கள். அடுத்த வேலை வரவே இல்லை.

இப்போது வேறு இடங்களிலிருந்து சின்னச் சின்னதாக வருகிறது. சந்தேகம் வந்தால் நோட்டோடு ஷிஃப்ட் பஸ் ஸ்டாப்புக்குப் போய்விடுவேன். நிற்கிறவர்கள் கையை விரித்தும் மடக்கியும் அந்தப் பொருள் என்ன செய்யும் என்று காட்டுவார்கள். பார்த்த பிறகுதான் சொல். போன வாரம் கலியமூர்த்தி அண்ணனிடம், அந்தக் கம்பெனி என்னை அப்படியே மறந்துவிட்டது என்று புலம்பினேன். கீரைக் கட்டை என் கையில் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "அந்த ஊர்ல எவனோ ஒருத்தன் அஞ்சு வெரலாலயும் சோத்தப் பெசஞ்சி சாப்புட்டுக்கினு இருக்கான், உடும்மா."

அகராதி ஒரு சொல்லுக்குப் பத்து அர்த்தம் போடும். அதில் யாருடைய விரல் மாட்டும் என்பதை மட்டும் நாமேதான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.