பௌர்ணமியன்று பூட்டிய கதவு

என் அண்ணனோடு நான் பேசுவதில்லை. பேசவும் மாட்டேன். தென்காசியில் ஒரே காம்பவுண்டுக்குள் அவன் வீடு முன்னால், என் வீடு பின்னால். அவன் காறித் துப்பினால் எனக்குக் கேட்கும். நான் இருமினால் அவன் டிவி சத்தத்தைக் கூட்டுவான். ரெண்டு வீட்டுக்கும் தெருவுக்குப் போக ஒரே இரும்புக் கதவு. எங்கள் பேச்சு நின்றது அந்தக் கதவில்தான்.

பட்டாளத்தில் இருந்தபோது சிலிகுரியில் ஒரு வங்காளப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டேன். பௌத்தக் குடும்பம். "நாலு பேரு கேட்டா என்ன சாதின்னுலே சொல்ல?" என்பதுதான் அண்ணன் எனக்குச் சொன்ன வாழ்த்து. நமக்கு வருஷம் பிறக்கிற அன்று அவர்களுக்கு வருஷத்தின் கடைசி நாள். சின்னப் புத்தர் சிலையைச் சந்தனத் தண்ணீரில் குளிப்பாட்டிவிட்டு, பாகற்காயிலிருந்து பலாக்கொட்டை வரை கிடைத்த காயையெல்லாம் ஒரே சட்டியில் போட்டுச் சமைப்பாள் என் மனைவி. பழைய வருஷத்தின் கசப்பைத் தின்று தீர்த்துவிட்டுத்தான் புது வருஷத்துக்குள் போக வேண்டுமாம். நாம் வேப்பம்பூப் பச்சடி தின்கிறோமே, அந்தக் கணக்குத்தான். வந்த முதல் வருஷம் அண்ணன் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். கிண்ணம் மூடியைக்கூடத் திறக்காமல் மதில் மேல் வந்து உட்கார்ந்தது. காக்கா தட்டிவிட்டுத் தின்றது. மறு வருஷமும் கொடுத்தாள். மறு வருஷமும் காக்காதான் தின்றது.

"ஏட்டி, உனக்குச் சூடு சொரணையே கிடையாதா?" என்று கத்தினேன்.

"காக்காவுக்கும் புது வருஷம்தானே" என்று சிரித்தாள். அவள் சிரித்ததில் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

போன மார்கழியில் அவள் அம்மா இறந்துபோனார். ரயிலில் இடம் கிடைத்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எரித்துவிட்டார்கள். முகத்தைப் பார்க்கவில்லை. அங்கே அவள் அழவும் இல்லை. திரும்பி வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள். புத்தர் பிறந்ததும் ஞானம் பெற்றதும் கண்மூடியதும் ஒரே பௌர்ணமி. அன்றைக்கு ஒரு பிக்குவை வீட்டுக்கு அழைத்துத் தன் கையால் சோறு போட வேண்டும். அந்தப் புண்ணியத்தைத் தண்ணீர் வார்த்து அம்மாவுக்குச் சேர்க்க வேண்டும். சோறு உச்சிப்பொழுதுக்குள் முடிந்துவிட வேண்டும், உச்சி தாண்டினால் பிக்கு ஒரு பருக்கை தொடமாட்டார். அம்மாவுக்கென்று அவளால் செய்ய முடிவது அது மட்டும்தான் மிச்சமிருந்தது.

அலைந்து விசாரித்துச் சென்னையில் ஒரு வங்காளப் பிக்குவைப் பிடித்தேன். வயதானவர், வருகிறேன் என்றார். அவர்களுடைய புத்த பௌர்ணமி இந்த வருஷம் நம் சித்ரா பௌர்ணமியில் வந்தது. எங்கள் வீட்டு வழக்கப்படி எங்கள் அம்மாவுக்கும் அன்றுதான் படையல். முந்தின நாளே அண்ணன் முற்றத்தில் நின்று சொல்லிவிட்டான்.

"அம்மைக்குப் படையல் போட்ட பொறவுதான் இந்தக் காம்பவுண்டுல வேத்தாளுக்கு எல விழணும். சொல்லிட்டேன்."

"சரி அத்தான், கொஞ்சம் சீக்கிரம் போட்டுடுங்க" என்றாள் இவள். நிஜமாகவே பணிவாகத்தான் சொன்னாள்.

காலையில் ஸ்டேஷனுக்குப் போய்ப் பிக்குவை ஆட்டோவில் கூட்டி வந்தால், கதவில் வெளிப்பக்கம் பூட்டு தொங்குகிறது. படையல் போடாமலே அண்ணன் குடும்பத்தோடு குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விட்டான் என்று எதிர் வீட்டில் சொன்னார்கள், இருக்கிற ஒரே சாவியோடு. சித்திரை வெயிலில் குற்றாலத்தில் என்ன குளியல் வேண்டிக் கிடக்கிறது? பாறையே காய்ந்து கிடக்கும். போன் போட்டால் அவன் வீட்டுக்குள்ளேயே மணி அடிக்கிறது. வெளங்காதவன், திட்டம் போட்டுச் செய்திருக்கிறான். கல்லைத் தூக்கினேன்.

"வேண்டாங்க!" என்று உள்ளேயிருந்து அவள் சத்தம் வந்தது. "இன்னைக்குக் கை ஓங்க மாட்டேன்னு எனக்குச் சொல்லியிருக்கீங்க."

சொல்லித்தான் தொலைத்திருந்தேன். கல்லைக் கீழே போட்டேன். சோற்றை மதில் மேலாகக் கொடு, தெருவிலேயே உட்கார வைத்துப் போடலாம் என்றேன். "வீட்டுக்கு அழைச்சுட்டுத் தெருவுல போடறதா? அத்தான் வந்துருவாங்க" என்றாள். அவள் நம்பினாள்! பிக்கு எதிர் வீட்டு வேப்பமரத்தடியில் நின்றார். வெயில் ஏறிக்கொண்டே போனது. அவன் வரவில்லை.

கடைசியில் அவளே ஏணியைச் சாய்த்து ஏறினாள். மதில் மேல் அண்ணன் பதித்து வைத்த கண்ணாடிச் சில்லு அவள் உள்ளங்கையைக் கிழித்தது. சாக்கை விரித்துத் தூக்குச்சட்டிகளை எனக்கு இறக்கினாள். பிறகு தானும் இறங்கினாள். மரத்தடியில் இலை போட்டு, முதல் கரண்டிப் பாயசத்தை எடுக்கும்போது கோயிலில் உச்சிகாலப் பூசை மணி அடித்தது. பிக்கு இலையின் மேல் கையை விரித்து, போதும் அம்மா என்று வங்காள மொழியில் சொன்னார். கரண்டி அப்படியே நின்றது.

அதற்கப்புறம்தான் அண்ணன் வந்தான். குளிக்கப் போனவன் தலையில் எண்ணெய் மினுக்கம் அப்படியே இருந்தது.

"என்னலே, தெருவுல பந்தி நடக்குது?" என்றான்.

கீழே கிடந்த கல்லைக் காலால் தள்ளிவிட்டேன். வாக்குக் கொடுத்திருந்தேனே. அவன் கதவைத் திறந்ததும் பிக்கு உள்ளே வந்தார். சோறுதான் கூடாது, துணி கொடுக்கலாம். அவள் காவித் துணியைக் கொடுத்தாள். அவர் ஓத ஓத, துணி சுற்றிய கையால் செம்பிலிருந்து தட்டில் தண்ணீர் வார்த்தாள். தன் அம்மாவின் பெயரைச் சொன்னாள். அடுத்து எங்கள் அம்மாவின் பெயரையும் சொன்னாள்.

"எங்க அம்மைக்கு எதுக்குட்டி? இவ்வளவு நடந்த பொறவுமா?" என்றேன்.

"செத்தவங்க பசியோட வருவாங்க. மதிலுக்கு வெளியே, கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. கூப்பிட்டாத்தான் உள்ளே வருவாங்கன்னு எங்க வீட்டுல சொல்லுவாங்க" என்றாள். "எங்கம்மா, உங்கம்மா ரெண்டு பேரும் காலையிலேருந்து வெளியேதான் நின்னிருப்பாங்க. பூட்டியிருந்துச்சே." மார்கழியிலிருந்து அழாதவள் அப்போதுதான் உடைந்து அழுதாள். அவள் சொன்னதும் அழுததும் முற்றத்தில் நின்ற அண்ணனுக்கும் கேட்டது.

வாக்கு அந்த ஒரு நாளைக்குத்தான். மறுநாள் காலை வெல்டிங் கடைக்காரரைக் கூட்டி வந்து கதவைக் கீலோடு அறுத்தேன். அண்ணன் குதித்தான், போலீசுக்குப் போனான்.

"பொதுக் கதவை எதுக்குய்யா அறுத்தீரு? யாரு வரணும்னு?" என்று ஏட்டு கேட்டார்.

"ரெண்டு கெழவிங்க வரணும். ஒருத்தி இவனைப் பெத்தவ" என்றேன்.

அண்ணன் புகார்க் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கி நடந்தான். இதுவரை புதுக் கதவும் போடவில்லை.